ஓயாமல் ஏற்றுபவரை எப்படி அடக்குவது?

(சீட்டாட்டம்: வாசகர் கேள்வி – பதில். இந்த முறை டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர்: ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு.)

கேள்வி: கல்யாணத்துக்குக் கூடினால் பட்டாலையில் உட்கார்ந்து போக்கர் ஆடுவோம். காசு கிடையாது, ஆளுக்கு 200 புளியங்கொட்டை, பிளைண்டு (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைப்பது) 1, 2. சிங்கப்பூரிலிருந்து வரும் மச்சினன் என்ன சீட்டு வந்தாலும் ரெய்ஸ் செய்து (பந்தயத்தை ஏற்றி) எல்லாரையும் விரட்டிவிடுகிறார். பதிலுக்கு நான் பிளஃப் அடித்தால் (நல்ல சீட்டு இருப்பதுபோல் காட்டி வைத்தால்) மாட்டிக்கொள்கிறேன். என்ன செய்யலாம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: பிளஃப்பை அடியோடு விட்டுவிடுங்கள். சீட்டைக் கீழே போட மனமே வராதவரிடம் அது செல்லாது. அவரே கொட்டையை நடுவில் கொண்டுவந்து கொட்டட்டும். நீங்கள் நல்ல சீட்டோடு காத்திருங்கள்.

முதலில் 20 ஆட்டத்தில் அவர் எத்தனை முறை ஏற்றுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். பத்து ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை, அதோடு ஏஸ்–ராஜா, ஏஸ்–ராணி. இரண்டு சீட்டில் அமையக்கூடிய மொத்தம் 1326 கைகளில் இந்த உயர்ந்த கைகள் 62தான். சுமார் 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். 20-ல் 10 முறை ஏற்றுகிறார் என்றால் பெரும்பாலும் சுமாரான கைதான்.

அடுத்தது இடம். அவருக்கு இடப்பக்கம் உட்காருங்கள். அவர் செய்வதைப் பார்த்த பிறகே உங்கள் முறை வரும். இதற்கு ஈடான அனுகூலம் வேறு இல்லை.

இப்போது ஓர் ஆட்டம். அவர் 6 வைக்கிறார், உங்களிடம் ஏஸ்–ஜாக்கி. வெறுமனே 6 கட்டினால் (அவர் வைத்த அளவே வைத்தால்) பின்னால் இருப்பவர்களும் நுழைவார்கள். 18 ஆக ஏற்றுங்கள். மற்றவர்கள் விலக, அவர் மட்டும் கட்டுகிறார். பிளைண்டு 3 சேர்த்து நடுவில் 39. பிளாப்பில் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டில்) ஜாக்கி, 7, 4, மூன்றும் வேறு வேறு இனம். அவர் 26 வைக்கிறார். கட்டுங்கள், ஏற்றாதீர்கள். ஏற்றினால் 9–8 போன்ற கையெல்லாம் ஓடிவிடும். உங்களை ஜெயிக்கிற கை மட்டும் எதிரே நிற்கும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். நடுவில் 91. டர்னில் (நாலாவது சீட்டில்) 2 விழுகிறது, அவர் 60 வைக்கிறார், மறுபடி கட்டுங்கள். இப்போது 211, இருவரிடமும் மீதி 96. ரிவரிலும் (ஐந்தாவது, கடைசிச் சீட்டிலும்) உதவாத சீட்டு விழ, அவர் அத்தனையும் தள்ளுகிறார். 403 கொட்டைக்காக நீங்கள் போடுவது 96. 100-க்கு 24 முறை ஜெயித்தாலே கணக்கு சரியாகிவிடும். இவரைப் போன்றவரிடம் மேல் ஜோடியும் (உங்கள் ஜாக்கி ஜோடி) ஏஸும் அதற்குத் தாராளமாகப் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம். எப்போதும் முந்திக்கொண்டு வைப்பவர் டர்னில் சும்மா செக் செய்து (எதுவும் வைக்காமல் விட்டு), நீங்கள் வைத்ததும் ஏற்றினால், கையில் சரக்கு இருக்கிறது. ஒற்றை ஜோடியைக் கீழே போட்டுவிடுங்கள்.

கேள்வி: கையில் இரண்டு ஆட்டின், பிளாப்பில் இரண்டு ஆட்டின். எதிராளி நடுவில் இருக்கும் அளவுக்கே வைக்கிறார். கட்டலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: அந்த அளவுக்குக் கட்ட 33 சதவீத வாய்ப்பு வேண்டும். ஐந்து ஆட்டின் சேர இன்னும் ஒன்று வேண்டும். மீதி 9 ஆட்டினில் ஒன்று டர்ன், ரிவர் இரண்டுக்குள் வர 35 சதவீதம். அடுத்த ஒரே சீட்டில் வர 19தான். முரட்டு ஆள் டர்னிலும் வைப்பார், அதற்கும் நீங்கள் கட்ட வேண்டும். அதனால் 35-ஐ நம்பாதீர்கள். ஆட்டின் விழுந்த பிறகு அவரிடமிருந்து வாங்க நிறைய மீதி இருந்தால் மட்டும் தொடருங்கள். பாதி அளவே வைத்தால் தேவை 25 சதவீதம். அப்போது தயங்காமல் கட்டலாம்.

கேள்வி: செல்போன் செயலியில் பணம் கட்டிப் பழகலாமா?
– வாசகர், புதுவயல்

பதில்: கூடாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. புளியங்கொட்டையே போதும்.

கேள்வி: ஏஸ் ஜோடி வந்தும் தோற்றேன். ரகசியமாக வைத்திருந்து, சும்மா கட்டினேன். நாலு பேர் உள்ளே வந்தார்கள்.
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அந்த நாலு பேர்தான் காரணம். எதிரே ஏதோ ஒரு கையோடு ஒருவர் இருந்தால் ஏஸ் ஜோடி 100-க்கு 85 முறை ஜெயிக்கும். நாலு பேர் இருந்தால் சுமார் 56 முறைதான். ஓயாமல் ஏற்றுபவர் மேசையில் இருக்கும்போது மறைத்து வைக்கத் தேவையே இல்லை. அவர் ஏற்றியதை மும்மடங்காக்குங்கள். அவர் அப்போதும் கட்டுவார், மற்றவர்கள் விலகிவிடுவார்கள்.