பட்டறைத் திண்ணை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஏரியில் மீன் பிடிக்க 14 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழவேற்காடு பக்கம் டிரெய்லரோடு பழையதாக வாங்கினோம். படகு, எஞ்சின், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 600 கிலோ. ஜீப்பில் மாட்டி இழுத்து வரும்போது 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிந்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு லாரி பக்கத்தில் வந்தபோது உயிர் போய் வந்தது. டிரைவரை மாற்றியும் பார்த்துவிட்டோம். கோளாறு ஜீப்பிலா, டிரெய்லரிலா?
(வாசகர், காவேரிப்பாக்கம்)

பதில்: பாலாற்றில் தண்ணீரைவிட மணலை அதிகம் பார்த்த ராணிப்பேட்டைக்காரனிடம் படகைப் பற்றிக் கேட்கிறீர்கள். சரி, படகு எனக்குப் பாதிதான் தெரியும். அதைச் சுமக்கிற வண்டி நன்றாகவே தெரியும். நாற்பது வருடமாக டிராக்டர் டிரெய்லர்களுக்கு அச்சும் கொக்கியும் போட்டுக் கொடுத்த கை இது.

டிரைவரைத் திட்டாதீர்கள், பாவம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வண்டி பின்பாரமாக இருக்கிறது. கட்டை வண்டி ஓட்டியவர் யாராவது வீட்டில் இருந்தால் கேளுங்கள். நெல் மூட்டையைப் பின்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் அடுக்கினால் மாட்டின் கழுத்தில் பாரம் உட்காரும். அதே கணக்குதான் இங்கேயும். படகின் எஞ்சின் இருப்பது பின்னால். பெட்ரோல் கேனையும், ஐஸ் பெட்டியையும், நனைந்த வலையையும் எங்கே போட்டீர்கள்? பின்னால்தான் போட்டிருப்பீர்கள், ஏற்ற வசதி அங்கேதானே.

மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் உட்கார வேண்டும். உங்களுக்கு 60 கிலோ. இதை அளக்க எஞ்சினியர் வேண்டாம், பக்கத்து அரிசி மண்டி எடைமேடை போதும். ஏற்ற வேண்டியதை எல்லாம் ஏற்றி, டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எடைமேடைமேல் ஒரு கட்டையை நிறுத்தி, ஜீப் கொக்கி இருக்கும் அதே உயரத்தில் டிரெய்லரின் மூக்கை அதன்மேல் வையுங்கள். 20, 25 காட்டினால் நெளிந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. சாமான்களை அச்சுக்கு முன்னால் மாற்றுங்கள். அது போதாவிட்டால், படகின் மூக்கு முட்டி நிற்கும் விஞ்ச் (படகை டிரெய்லர்மேல் இழுக்கும் சுழல் உருளை) தூணைக் கழற்றி முன்னால் நகர்த்தி, படகையே ஒரு சாண் முன்னால் இழுங்கள். அதற்காக எல்லாவற்றையும் முன்னால் கொட்டிவிடவும் கூடாது. ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி, ஸ்டியரிங் லேசாகிவிடும். ராத்திரியில் ஹெட்லைட் வேப்பமரத்து உச்சியைக் காட்டும்.

அப்புறம், ஓடும்போது நெளிய ஆரம்பித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அதையும் நம்பாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால் தானே அடங்கும்.

கேள்வி: எங்கள் படகு டிரெய்லரில் வருடத்துக்கு இரண்டு தடவை பேரிங் போகிறது. கிரீஸ் வைத்துக்கொண்டேதான் இருக்கிறோம்.
(வாசகர், குடியாத்தம்)

பதில்: 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த சமயம், ஒரு படகு டிரெய்லரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். சக்கரம் நீலம் பாரித்து, பேரிங் உருளைகள் மிளகு மாதிரி உதிர்ந்தன. மறு பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே கிரீஸ், பால் விட்ட டீ நிறத்தில். கிரீஸ் இல்லாமல் போனதல்ல விஷயம், கிரீஸோடு தண்ணீர் கலந்ததுதான்.

வெயிலில் 30, 40 கிலோமீட்டர் ஓடி வந்த ஹப், அதாவது பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுக்குடம், சுடும். அதை அப்படியே ஏரியில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே கரைக்கு வந்ததும் அரை மணி நேரம் நில்லுங்கள். டீ குடியுங்கள். புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிய பிறகு இறக்குங்கள். விளக்கு ஒயர் பிளக்கையும் அந்த நேரத்தில் கழற்றிவிடுங்கள்.

இப்போதே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். கரகரவென்றால் கழற்ற வேண்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்றும் பாருங்கள். கழற்றினால் பழைய கிரீஸை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டு, தண்ணீர் தாங்கும் கிரீஸை உருளைகளுக்கு இடையே பிதுங்கும்வரை உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஏற்றுங்கள். பழையதன்மேல் வேறு ஜாதி கிரீஸைப் பூசாதீர்கள், இரண்டும் ஒத்துப்போகாமல் இளகி ஓடிவிடலாம். சீலும், அச்சு நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னும் ஒவ்வொரு தடவையும் புதிது. ஐம்பது, நூறு ரூபாய்க்குப் பார்த்துவிட்டு நடுரோட்டில் சக்கரத்தைத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

டயரையும் பாருங்கள். படகு டிரெய்லர் ஓடித் தேய்வதில்லை, நம் வேலூர் வெயிலில் நின்றே வெடிக்கிறது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதிது மாதிரி இருந்தாலும் பக்கவாட்டில் விரிசல் விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: முன்னால் விஞ்ச் பட்டை இருக்கிறது. பின்னால் வேறு கட்ட வேண்டுமா?
(வாசகி, வாலாஜாபேட்டை)

பதில்: கட்டாயம் வேண்டும், அம்மா. விஞ்ச் படகை மேலே இழுக்கத்தான், பிடித்து வைக்க அல்ல. முன்னால் தனியாக ஒரு சங்கிலி, பின்னால் இரண்டு பக்கமும் பட்டை. கொக்கியின் கீழே போகும் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். மாட்டிப் பூட்டியதும் டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சுற்றித் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது.

வீட்டில் நிறுத்தும்போது படகின் அடியில் இருக்கும் தண்ணீர் அடைப்பானைக் கழற்றி, மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். ஒரு ராத்திரி மழையில் 200 லிட்டர் தேங்கினால் அது 200 கிலோ. திரும்ப ஏரியில் இறக்கும் முன் அடைப்பானை மறக்காமல் மாட்டுங்கள். நான் ஒரு தடவை மறந்து, கணுக்கால் நனைந்த பிறகுதான் சட்டைப்பையில் தேடினேன்.