என்.எஸ்.எஸ் (தேசிய மாதிரி ஆய்வு) 75-ஆம் சுற்று, நலவாழ்வுத் தரவு: மருத்துவச் செலவு மொத்தக் குடும்பச் செலவில் 10% என்ற வரம்பைத் தாண்டும் குடும்பங்கள் 60% என்று வருகிறதே?

காலக்கணக்கு கலந்திருக்கிறது. மருத்துவமனைச் செலவு 365 நாளுக்கு, புறநோயாளிச் செலவு 15 நாளுக்கு, குடும்பச் செலவோ ஒரு மாதத்துக்கு. மூன்றையும் அப்படியே வகுத்திருப்பீர்கள்.

மாதச் செலவை 12-ஆல் பெருக்குங்கள். புறநோயாளிச் செலவை 365/15-ஆல். மருத்துவமனைக்கு 18,000 ரூபாய், மாதச் செலவு 12,000 என்றால் விகிதம் 150% அல்ல, 12.5%. காப்பீட்டில் திரும்பிய தொகையைக் கழித்துவிடுங்கள்.

அப்படியும் 60% குறையாவிட்டால், அதைக் கணக்கிட எந்த எண்ணால் வகுத்தீர்கள் என்று பாருங்கள். மாதிரியில் உள்ள மொத்தக் குடும்பங்கள் 1,13,823 இருக்க வேண்டும். மருத்துவமனைக் கோப்போடு இணைக்கும்போது செலவே இல்லாத குடும்பங்கள் உதிர்ந்துபோவது வழக்கமான கோளாறு. அவற்றுக்குப் பூஜ்யம் இட்டுச் சேர்க்க வேண்டும். மாதிரி எடைகளையும் (ஒவ்வொரு மாதிரிக் குடும்பமும் எத்தனை குடும்பங்களைக் குறிக்கிறது என்ற எண்) மறக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: 15 நாள் செலவை ஆண்டுக்குப் பெருக்கினால், அந்த இரு வாரம் மட்டும் காய்ச்சலில் படுத்த வீடும் ஆண்டு முழுக்கச் செலவழித்ததாகிவிடும். ஆகவே மருத்துவமனைச் செலவுக்கு மட்டும் தனி அட்டவணை கொடுங்கள். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக அதுதான்.