ஊர்க்கோழி என்றால் மருந்துப் பயம் இல்லையா?

கேள்வி: இங்கே ஊர்க்கோழி, புறொயிலரைவிட இரண்டு மடங்கு விலைக்குப் போகிறது. புறொயிலருக்கு அன்டிபயோட்டிக் கொடுத்து வளர்ப்பதால் மருந்துக்கு அடங்காத கிருமி வரும் என்று மகன் சொல்கிறான். பிள்ளைகளுக்காகக் கூடக் காசு கொடுத்து ஊர்க்கோழியே வாங்குவதா?
– வாசகி, பரந்தன்

பதில்: ருசிக்காக என்றால் தாராளமாக வாங்குங்கள். கிருமிக்குப் பயந்து என்றால், அந்தக் கூடுதல் காசு உங்களைக் காப்பாற்றும் என்று என்னால் சொல்ல முடியாது.

மகன் சொல்வதில் பெரும்பகுதி சரிதான். நோய் வருமுன்பே தீனியிலோ தண்ணீரிலோ மருந்தைக் கலந்து வந்தால், அந்த மருந்துக்குச் சாகும் பற்றீரியா செத்துவிடும், சாகாதவை மட்டும் மிஞ்சிப் பெருகும். அதோடு நிற்காது. மருந்தைத் தாங்கும் மரபணுவை ஒரு பற்றீரியா பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துக்கும் கைமாற்றிவிடும். கொலிஸ்டின் என்று ஒரு மருந்து உண்டு. வேறு எதுவும் கேட்காத நோயாளிக்கு வைத்தியசாலையில் கடைசியாக எடுப்பது அதைத்தான். அதைத் தாங்கும் மரபணு இப்படிக் கைமாறக்கூடியது என்பதை 2015இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் இருந்தது, நோயாளிகளிடமும் இருந்தது. வளர்ச்சிக்காக அதைத் தீனியில் கலப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது. இந்தியா 2019இல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது. அதே 2019இல் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் உலகத்தில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். எல்லாம் இறைச்சியால் வந்த சாவு அல்ல. மனிதர் நாமே தேவையில்லாமல் விழுங்கும் குளிசைகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

இனி ஊர்க்கோழிக்கு வருவோம். கோழிகள் பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகி விழத் தொடங்கினால் நம் வளவுகளில் என்ன செய்கிறோம்? யாருக்கோ டொக்டர் எழுதிக் கொடுத்து மிஞ்சிக் கிடந்த கப்சூலை உடைத்துத் தண்ணீரில் கலந்து வைக்கிறோம். அளவு கிடையாது, நாள் கணக்கும் கிடையாது. தேறாது என்று தெரிந்தால் அறுத்துவிடுகிறோம், அல்லது அவசரமாக விற்றுவிடுகிறோம். அந்த அறிகுறிகள் பெரும்பாலும் ரனிகெட் நோயுடையவை. அது வைரஸ் நோய், எந்த அன்டிபயோட்டிக்கும் அதற்குக் கேட்காது. முன்கூட்டியே தடுப்பு மருந்து போடுவதுதான் வழி, அதற்குப் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். கப்சூலால் கோழி பிழைப்பதில்லை. அதன் குடலில் இருக்கும் பற்றீரியாதான் மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. மிருக வைத்தியரின் சொல்கேட்டு நடக்கும் பண்ணையில், மருந்தை நிறுத்திக் குறித்த நாட்கள் கழிந்த பிறகே கோழியை விற்பார்கள். இந்தக் கப்சூல் கோழிக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. ஆகவே யாரிடம் வாங்கினாலும் கேளுங்கள்: “கடைசியாக என்ன மருந்து, எப்போது கொடுத்தீர்கள்?” பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. மருந்துக்கு அடங்காத பற்றீரியாவும் நெருப்புக்கு அடங்கும். நன்றாக வெந்த கறியால் அது வராது. ஆபத்தெல்லாம் கறி அடுப்பில் ஏறுமுன்புதான். பச்சைக் கோழியைப் பைப்புக்குக் கீழே பிடித்துக் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் பக்கத்துக் கோப்பைக்கும் போகும், சம்பலுக்கு வெட்டி வைத்த வெங்காயத்துக்கும் போகும். கழுவாமல் சமைக்க நம் ஆட்களுக்கு மனம் வராது என்பது தெரியும். அப்படியானால் சட்டித் தண்ணீரில் மெதுவாக அலசி, தெறிக்காமல் ஊற்றுங்கள். கோழி வெட்டிய கத்தியையும் பலகையையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே மரக்கறியைத் தொடுங்கள். அந்த இரண்டு மடங்கு காசைவிட இது பெரிய காவல்.

கேள்வி: எங்களுக்குப் பால் தருபவரின் மாட்டுக்கு மடிநோய் வந்து ஊசி போட்டார்கள். மறுநாளே பாலும் வந்தது. காய்ச்சினால் போதுமா?
– வாசகர், மல்லாவி

பதில்: போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் பாலில் இறங்கிய மருந்து காய்ச்சினாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் சிறிதளவும் பாதிக்கலாம். ஊசி போட்ட மிருக வைத்தியர் எத்தனை நாள் பாலை ஒதுக்கச் சொன்னார் என்று கேட்டு, அதுவரை வாங்காதீர்கள். சில வேளை இப்படிப்பட்ட பால் தயிராக உறையாது, ஏனென்றால் தயிராக்கும் பற்றீரியாவையும் மருந்து அடக்கிவிடும். ஆனால் உறைந்துவிட்டதால் மருந்து இல்லை என்று நம்பிவிடவும் கூடாது. ஒதுக்கிய பாலைக் கன்றுக்கு ஊட்டுவதும் வேண்டாம், கன்றின் குடலிலும் அதே கதைதான் நடக்கும். பால்காரரோடு சண்டை பிடிக்காதீர்கள். அந்த நாட்களின் பாலை ஊற்றிவிடுவது அவருக்குப் பெரிய நட்டம். முடிந்தால் வாடிக்கை வீடுகள் சேர்ந்து அதில் கொஞ்சத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் அடுத்த தடவை ஊசி போட்டதை மறைக்காமல் சொல்வார்.

கேள்வி: ‘ஹோர்மோன் இல்லை, அன்டிபயோட்டிக் இல்லை’ என்று எழுதிய பெட்டிக் கோழிக்குக் கூட விலை கொடுக்கலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: ஹோர்மோன் இல்லை என்பதற்கு ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள். புறொயிலர் வேகமாக வளர்வது இனத்தெரிவாலும் தீனியாலும், ஹோர்மோன் ஊசி என்பது வெறும் கதை. அன்டிபயோட்டிக் இல்லை என்றால் யார் பரிசோதித்து உறுதி கொடுத்தார்கள் என்று பெட்டியில் பாருங்கள். எதுவும் இல்லாவிட்டால் பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்துச் சொல்லுங்கள்.