போனில் இருப்பது டிவியில் வர: மிரரிங் வேறு, கேஸ்ட் வேறு

கேள்வி: செங்கோட்டைக்கு மேற்கே புளியரையில் குடியிருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மகள் குடும்பம் மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில். பேத்தி ஓணத்துக்குப் பள்ளியில் திருவாதிரைக்களி ஆடிய வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதை டிவியில் பெரிதாகப் பார்க்க எனக்கும் வீட்டம்மாவுக்கும் ஆசை. மருமகன் வந்தபோது ஒயர் இல்லாமலே இணைத்துக் காட்டினார்; நன்றாக வந்தது. நான் செய்தால் பல நாள் டிவியின் பெயரே போனில் காட்டுவதில்லை. யூடியூப் மட்டும் வருகிறது. ஒரு சினிமா ஆப்பைப் போட்டால் சத்தம் கேட்கிறது, படம் கறுப்பாக இருக்கிறது. வீட்டில் ஃபைபர் நெட் உண்டு, ஆனால் சாரல் காலத்தில் அடிக்கடி போய்விடும். கடையில் ஒரு கேபிள் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஐயா, கேபிளை இப்போதைக்கு வாங்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் போனிலும் டிவியிலும் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் சிக்கல்கள் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. போனை டிவியோடு ஒயரில்லாமல் இணைக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. மருமகன் செய்து காட்டியது ஒன்றாகவும், நீங்கள் முயல்வது இன்னொன்றாகவும் இருக்கலாம். இந்த வித்தியாசம் பிடிபட்டால் அடுத்த முறை மருமகனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் வழி மிரரிங். போன் திரையில் என்ன தெரிகிறதோ அது அப்படியே டிவியில் தெரியும். போன் தன் திரையை நொடிக்குப் பல முறை படமெடுத்து, சுருக்கி, டிவிக்கு நேரே அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் இதற்குப் பெரும்பாலும் மிராகாஸ்ட் என்ற முறை பயன்படுகிறது, 2012-இல் வந்தது. போனும் டிவியும் தங்களுக்குள் நேரடியாக வை-ஃபை இணைப்பு போட்டுக்கொள்ளும். நடுவில் ரவுட்டரும் (வீட்டுக்கு வை-ஃபை தரும் பெட்டி) வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். போனில் வை-ஃபை பட்டன் ஆன் ஆக இருந்தால் போதும்.

இரண்டாவது வழி கேஸ்ட். கூகுள் 2013-இல் குரோம்காஸ்ட் என்ற சிறு கருவியோடு இதைப் பரவலாக்கியது. இன்று ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி என்று விற்கும் பெட்டிகளில் உள்ளேயே இருக்கிறது. இதில் போன் படத்தை அனுப்புவதே இல்லை. "இந்த வீடியோவை எடுத்துக்கொள்" என்று டிவிக்குத் தகவல் மட்டும் சொல்லும்; டிவி தானே இன்டர்நெட்டிலிருந்து எடுத்து ஓட்டும். மிரரிங்கில் போன் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றுகிறது என்றால், கேஸ்டில் டிவி தன் குழாயைத் தானே திறந்துகொள்கிறது. அதனால்தான் கேஸ்ட் செய்தபின் போன் திரையை அணைத்தாலும், யாரிடமாவது பேசினாலும் படம் நிற்காது. மிரரிங்கில் போன் திரை அணைந்தால் டிவியிலும் படம் போய்விடும்.

கேஸ்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. போனும் டிவியும் ஒரே வை-ஃபையில் இருக்க வேண்டும்; அந்த வை-ஃபையில் நெட் இருக்க வேண்டும்.

இதில் ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் மிரரிங்குக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங் போனில் ஸ்மார்ட் வியூ, ஒப்போ, ரியல்மியில் ஸ்கிரீன்காஸ்ட், ரெட்மியில் கேஸ்ட் என்றே இருக்கும். ஆகவே பெயரை நம்பாதீர்கள், பட்டன் இருக்கும் இடத்தைப் பாருங்கள். திரையை மேலிருந்து கீழே இழுத்தால் வரும் பட்டன்களில் இருப்பது மிரரிங். யூடியூப் போன்ற ஓர் ஆப்புக்கு உள்ளே, சின்ன டிவிப் பெட்டியின் மூலையில் வை-ஃபை வளைவுகள் போட்டது போல ஒரு சின்னம் இருக்கிறதே, அது கேஸ்ட்.

உங்களுக்கு யூடியூப் மட்டும் வருவதற்குக் காரணம் இதுதான்: அதற்குள் கேஸ்ட் பட்டன் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அது கிடையாது. பேத்தியின் வீடியோவை வாட்ஸ்அப்பிலிருந்தே காட்ட வேண்டுமானால் மிரரிங்தான் வழி.

அதைச் செய்யும்போது வரிசை முக்கியம். பலர் போனைத்தான் முதலில் எடுக்கிறார்கள், டிவியிலிருந்து தொடங்குங்கள். பல டிவிகளில் மிரரிங்குக்கான பக்கத்தைத் திறந்து வைத்தால்தான் போனின் கண்ணுக்கு டிவி தெரியும். எல்ஜியில் ஸ்கிரீன் ஷேர் என்ற ஆப், சாம்சங்கில் சோர்ஸ் அல்லது கனெக்ட் பகுதியில் ஸ்கிரீன் மிரரிங், ஃபயர் டிவி ஸ்டிக்கில் ரிமோட்டின் ஹோம் பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும் மிரரிங். அந்தப் பக்கம் டிவியில் திறந்தபடி இருக்கும்போதே போனில் பட்டனை அழுத்துங்கள். டிவியின் பெயர் வந்ததும் தொடுங்கள். டிவியில் "அனுமதிக்கவா" என்று கேட்கும். ரிமோட்டில் சரி கொடுங்கள். முன்பு ஒருமுறை தவறுதலாக மறுத்திருந்தால் டிவி உங்கள் போனைத் தடுக்கப்பட்ட பட்டியலில் வைத்திருக்கும். டிவி செட்டிங்ஸில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதிக்குப் போய் நீக்கிவிடுங்கள்.

உங்கள் டிவி ஆண்ட்ராய்டு டிவியாக இருந்து இப்படி ஒரு பக்கமே இல்லையென்றால், போனில் கூகுள் ஹோம் ஆப்பைப் போட்டு, அதில் டிவியின் பெயரைத் தொட்டு, திரையை அனுப்பும் வசதியைப் பயன்படுத்தலாம். மகளோ மருமகனோ ஐபோன் வைத்திருந்தால் அவர்களுக்கு மிராகாஸ்ட் கிடையாது. ஆப்பிளின் ஏர்பிளே வசதி உள்ள டிவியாக இருக்க வேண்டும். 2019 முதல் சாம்சங், எல்ஜி, சோனி டிவிகள் பலவற்றில் அது வருகிறது.

அடுத்து, சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை என்ற பிரச்சினை. கேஸ்ட் பட்டனை அழுத்தும்போது போன் வீட்டு வை-ஃபைக்குள் "டிவி யாராவது இருக்கிறீர்களா" என்று கூப்பிடுகிறது. டிவி பதில் சொன்னால்தான் பெயர் வரும். அந்தக் கூப்பாடு வீட்டு வை-ஃபையைத் தாண்டிப் போகாது. எனவே போனும் டிவியும் உண்மையிலேயே ஒரே வை-ஃபையில் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். உங்கள் ஊரில் இது கரண்டோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். கரண்ட் போய் வந்தால் டிவி சீக்கிரம் விழித்துக்கொள்ளும். ஃபைபர் பெட்டி நெட்டைப் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் டிவி வை-ஃபையைத் தேடிக் கிடைக்காமல் விட்டுவிடலாம், அல்லது மருமகன் முன்பு தன் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்தால் அதையே தேடிக்கொண்டிருக்கலாம். போனும் வை-ஃபையில் நெட் இல்லை என்று கண்டு சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். கரண்ட் வந்ததும் ரவுட்டரில் விளக்குகள் நிலையாகும்வரை பொறுத்து, அதன்பின் டிவியைப் போடுங்கள்.

கொஞ்சம் செலவு செய்ய மனமிருந்தால் கேபிளுக்குப் பதிலாக, கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட்டுவதற்கென்று விற்கும் மினி யுபிஎஸ் வாங்குங்கள். ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும் (பெரும்பாலும் 12 வோல்ட்). அதற்குப் பொருந்துவதா என்று பார்த்து வாங்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் மட்டும் ரவுட்டர், டிவி இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். ஃபைபர் ஒயர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்சாரம் வராது. ஆனால் கரண்ட் பிளக் வழியாகவும் கேபிள் டிவி ஒயர் வழியாகவும் வரும். மலையடிவார ஊர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ரவுட்டர் முன் வாசல் அறையிலும் டிவி உள் அறையிலும் இருந்து, நடுவில் பழைய காலக் கனத்த சுவர் நின்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். இப்போதைய ரவுட்டர்கள் பலவும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையில் வை-ஃபை தரும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் துளைப்பதில் பலவீனமானது. 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. வை-ஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரே இரண்டு விதமாகத் தெரிந்தால், ஒன்றின் முடிவில் 5ஜி என்று இருந்தால், போனையும் டிவியையும் ஒரே பெயரில் இணையுங்கள். வெவ்வேறு பெயரில் இருந்தாலும் பேசிக்கொள்ள வேண்டும்தான். சில ரவுட்டர்களில் பேசிக்கொள்வதில்லை. ரவுட்டரின் கெஸ்ட் (விருந்தாளிகளுக்கான) வை-ஃபையில் டிவியைச் சேர்த்திருந்தால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. அதிலுள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது. போனில் விபிஎன் ஆப் (நெட்டை வேறு வழியாகத் திருப்பிவிடுவது) ஏதும் ஓடினால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் அருகிலுள்ள சாதனங்கள், ஐபோனில் லோக்கல் நெட்வொர்க் என்ற அனுமதியை மறுத்திருந்தாலும் டிவி பெயர் வராமல் போகும்.

நெட் போன நாளில் என்ன செய்வது? வீடியோ ஏற்கெனவே போனில் இறங்கியிருந்தால் மிரரிங்குக்கு நெட்டே தேவையில்லை, தாராளமாகப் பார்க்கலாம். யூடியூப் கேஸ்ட் வேண்டுமானால் வீட்டம்மா போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, உங்கள் போனையும் டிவியையும் அதில் இணைக்கலாம். ஆனால் டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை ஆகலாம் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. தினம் ஒன்றரை ஜிபி ரீசார்ஜ் ஒரு படத்தின் இடைவேளை வரைகூட வராது. டிவியில் தரத்தை 480-க்குக் குறைத்து வைத்தால் தாக்குப்பிடிக்கும்.

சினிமா ஆப்பில் படம் கறுப்பாக வருவது பழுது இல்லை. காசு வாங்கிப் படம் காட்டும் நிறுவனங்கள் திரையை நகலெடுக்க முடியாதபடி பூட்டு போட்டு வைக்கின்றன. மிரரிங் என்பது திரையை நகலெடுப்பதுதான், எனவே போன் படத்தை மறைத்துவிடும். சத்தம் மட்டும் போகும். வங்கி ஆப்களிலும் இதே பூட்டு உண்டு. டிவியிலேயே அந்த சினிமா ஆப்பை ஏற்றி, உங்கள் கணக்கில் நுழைந்து ரிமோட்டால் பாருங்கள். போனை இதில் இழுக்கவே வேண்டாம்.

இனி பேத்தியின் வீடியோ. வாட்ஸ்அப் அனுப்பும்போதே வீடியோவைச் சுருக்கிவிடும். ஆறு அங்குலத் திரையில் அழகாகத் தெரிந்தது 43 அங்குலத்தில் மங்கலாகத் தெரியும். மகளிடம் சொல்லி எச்டி என்ற பட்டனை அழுத்தி அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது டாக்குமென்டாக அனுப்புவது, எடுத்த தரத்திலேயே வரும். அடுத்த முறை போனைப் படுக்கையாகப் பிடித்து எடுக்கவும் சொல்லுங்கள். நிமிர்த்தி எடுத்தால் டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டைதான் மிஞ்சும். திருவாதிரைக்களி வட்டமாக நின்று ஆடுவது, பாதிப் பிள்ளைகள் படத்துக்கு வெளியே போய்விடுவார்கள். வீடியோக் காலையும் மிரரிங் மூலம் டிவியில் பார்க்கலாம். ஆனால் கேமராவும் மைக்கும் போனுடையவைதான். டிவி சத்தத்தைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் புனலூரில் அவர்களுக்கு அவர்கள் குரலே எதிரொலிக்கும்.

ஓர் எச்சரிக்கையைக் கவலையோடு சொல்கிறேன். டிவி இணையவில்லை என்று கூகுளில் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடிக் கூப்பிடாதீர்கள். அப்படித் தேடுகிறவர்களுக்காகவே போலி நம்பர்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். "ஒரு ஆப் போடுங்கள், நான் இங்கிருந்தே சரிசெய்கிறேன்" என்பார்கள். அந்த ஆப் உங்கள் போன் திரையை அவர்களுக்குக் காட்டும். வரும் ஓடிபி அத்தனையும் அவர்கள் கண்ணில் படும். வீட்டு டிவிக்குப் படம் அனுப்ப ஊரார் யாருக்கும் உங்கள் திரையைக் காட்டத் தேவையில்லை. நம்பரை டிவியோடு வந்த புத்தகத்திலிருந்தோ பில்லிலிருந்தோ எடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். மிரரிங்குக்கென்று பிளே ஸ்டோரில் கிடக்கும் விளம்பர ஆப்களும் உங்களுக்கு வேண்டாம். போனில் இருப்பதே போதும். வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது மிரர் செய்தால் போனில் டூ நாட் டிஸ்டர்ப் போட்டுக்கொள்ளுங்கள், வரும் மெசேஜ் எல்லாம் டிவியில் ஓடும்.

கேபிள் விஷயம். போனின் சி டைப் துளையிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிளைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்தத் துளை வழியாகப் படம் அனுப்பும் திறன் போனிலேயே இருக்க வேண்டும். விலை கூடிய மாடல்கள் பலவற்றில் இருக்கிறது. நடுத்தர விலைப் போன்கள் பெரும்பாலானவற்றில் இல்லை, சார்ஜும் ஃபைல் மாற்றமும் மட்டுமே நடக்கும். உங்கள் மாடலின் விவரப் பட்டியலில் டிஸ்பிளேபோர்ட் அல்லது வீடியோ அவுட் என்று இருந்தால் ஒழிய அந்தக் காசு வீண்.

குடும்ப வீடியோக்களுக்கு அதைவிட மலிவான வழி ஒரு பென்டிரைவ். போனில் நேரே செருகும் வகையை வாங்கி, வீடியோக்களை அதில் ஏற்றி, டிவியின் யுஎஸ்பி துளையில் போடுங்கள். வை-ஃபை, நெட், மழை எதுவும் குறுக்கே வராது. ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவ் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே ஃபைலை ஏற்காது. நீளமான விழா வீடியோ ஏற மறுத்தால் அதுதான் காரணம். ஏறியும் டிவியில் ஓடவில்லை என்றால் வீடியோ எச்.265 என்ற சுருக்கும் முறையில் பதிவாகியிருக்கலாம், பழைய டிவிகள் சிலவற்றுக்கு அது புரியாது. மகளின் போன் கேமரா செட்டிங்ஸில் எச்.264-க்கு மாற்றிக்கொண்டால் அடுத்து எடுப்பவை ஓடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் டிவி பெயர் வரவில்லை என்றால், டிவியின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் போனின் மாடல் பெயரையும் எழுதுங்கள். அந்த இரண்டையும் வைத்துத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்.