அமெரிக்காவில் வாரண்ட் இல்லாமல் காவலர் நம் காரைச் சோதனையிட முடியுமா?

முடியும். வீட்டுக்குள் நுழைய நீதிபதியின் வாரண்ட் வேண்டும் என்று பொதுவாக வலியுறுத்தும் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம், காரைப் பொறுத்தவரை 1925ஆம் ஆண்டிலேயே தளர்த்தப்பட்டுவிட்டது.

அப்போது மதுவிலக்குக் காலம். 1921 டிசம்பரில், டெட்ராய்ட்டிலிருந்து கிராண்ட் ராப்பிட்ஸ் செல்லும் சாலையில், மது விற்பவர்கள் என்று முன்பே அறிந்திருந்த இருவரின் காரை மதுவிலக்கு அதிகாரிகள் மடக்கினார்கள். வெளிப்பார்வைக்கு எதுவும் தென்படவில்லை. இருக்கையின் சாய்மானத்தைத் தட்டிப் பார்த்தபோது, மெத்தென்று இருக்க வேண்டிய இடம் கெட்டியாக இருந்தது. உறையைக் கிழித்தால் உள்ளே 68 பாட்டில் விஸ்கியும் ஜின்னும். வாரண்ட் வாங்கி வருவதற்குள் வண்டி போய்விடும் என்பதால், சட்டவிரோதப் பொருள் உள்ளே இருப்பதாக நம்பப் போதிய முகாந்திரம் இருந்தால் உடனே சோதிக்கலாம் என்று, கேரல் வழக்கு எனப்படும் இதில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டாஃப்ட் எழுதினார்.

ஆள் பதற்றமாகப் பேசினார் என்பது மட்டும் முகாந்திரம் ஆகாது. ஆனால் முகாந்திரம் அமைந்துவிட்டால், தேடும் பொருள் அடங்கக்கூடிய எந்த இடத்தையும், உடன் வந்தவரின் கைப்பையைக்கூடத் திறக்கலாம் (திருட்டு டிவியைத் தேடுபவர் கைப்பையைத் திறக்க முடியாது என்பதும் இதில் அடக்கம்). மோப்ப நாய் வரும்வரை, போக்குவரத்து விதிமீறலுக்கான சீட்டு எழுதி முடித்த பிறகும் ஓட்டுநரைக் காரணமின்றி நிறுத்திவைக்கக் கூடாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இப்போது பெரிய தகராறு கஞ்சா வாசனையைப் பற்றியது. இல்லினாய் மாநிலத்தில் பெரியவர்கள் கஞ்சா வைத்திருப்பது சட்டப்படி சரி என்பதால், புகைத்த வாசனை மட்டுமே காரைச் சோதிக்கப் போதாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் டிசம்பரில், புகைக்காத பச்சைக் கஞ்சாவின் வாசனை போதும் என்றது. முரணாகத் தோன்றினாலும் காரணம் இருக்கிறது: காரில் கொண்டுசெல்லும் கஞ்சா வாசனை கசியாத டப்பாவில் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி.

இத்தனை சட்டமும் ஒரே ஒரு 'சரி'யில் அடிபட்டுப்போகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேகமாக ஓட்டியதற்காக நெடுஞ்சாலையில் என்னை நிறுத்திய காவலர், எச்சரிக்கைச் சீட்டைத் தந்துவிட்டு, போகிறபோக்கில் கேட்பது போல, "டிக்கியைப் பார்க்கட்டுமா?" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ப்பொடிப் பொட்டலங்களைச் சாலையோரத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்தபோதுதான், அவரிடம் இருந்தது முகாந்திரம் அன்று, என் சம்மதம் மட்டுமே என்பது எனக்கு உறைத்தது. மறுக்கும் உரிமை நமக்கு உண்டு என்பதை அவர் சொல்லியாக வேண்டியதில்லை. 1973இலேயே உச்ச நீதிமன்றம் அப்படி முடிவு செய்துவிட்டது.

ஆகவே கேட்டால், "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று பணிவாக, காதில் விழும்படி சொல்லுங்கள். அதன் பிறகும் திறந்தால் தடுக்காதீர்கள். முகாந்திரம் இருந்ததா என்று உங்கள் வக்கீல் நீதிமன்றத்தில் கேட்டுக்கொள்வார்.