ஓடு ஒழுகும் ஆர்.சி. பள்ளி

கேள்வி: எங்கள் ஊர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளி அரசு உதவி பெறுவது. 38 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். ஓட்டுக்கூரை ஒழுகுகிறது. சேர்ந்த நன்கொடையில் கான்கிரீட் போடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சீமை ஓட்டுக் கூரை ஒழுகுவது பெரும்பாலும் விரிசல் விட்ட ஓட்டிலும், முகட்டில் சாந்து பெயர்ந்த இடத்திலும்தான். மே விடுமுறையில் ஓடுகளை இறக்கிப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளை ஆணியால் குத்திப் பாருங்கள். உளுத்ததை மாற்றாமல் ஓடு வேய்ந்தால், வரிசை தொய்ந்து அடுத்த மழைக்கே ஒழுகும். பள்ளியை நிர்வகிக்கும் தாளாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு ஓட்டையும் தொடாதீர்கள்; இடம் பெரும்பாலும் மறைமாவட்டத்தின் (ஆயரின் நிர்வாகத்தின்) பெயரில்தான் இருக்கும்.

கூரையைவிடப் பெரிய கவலை சேர்க்கை. ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயம்: 60 வரை 2 பேர், 61 ஆனால் 3. ஏப்ரலிலேயே அங்கன்வாடிக்குப் போய், 5 வயது நிறையும் பிள்ளைகளின் வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூனில் போனால் தனியார் பள்ளி வேன் முந்திவிடும்! பள்ளியில் அரசு தரும் காலை உணவையும் பெற்றோரிடம் சொல்லுங்கள். ஊரக உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு அது 2024 ஜூலை 15 முதல், திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் தொடங்கி, விரிவாக்கப்பட்டது. பல பெற்றோருக்கு இது தெரியாது.