காரின் ஒரிஜினல் ஹீட்டரைக் கழற்றிவிட்டு எடை குறைந்த மின்சார ஹீட்டர் வைக்கலாமா?

கேட்டிருப்பது இதுதான்: பழைய சின்னக் கார் ஒன்றைப் பந்தய டிராக்கில் ஓட்டுவதற்காக எடை குறைத்துக்கொண்டு வருகிறீர்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் பெட்டி கனமாகத் தெரிகிறது. அதை எடுத்துவிட்டு 12 வோல்ட்டில் ஓடும் மின்சார ஹீட்டர் ஒன்றைப் பொருத்தினால் போதுமா?

நான் இதைச் செய்து, மூன்று குளிர்காலம் ஓட்டியிருக்கிறேன். முன்கண்ணாடியில் படியும் ஈரப்பனியை விரட்டத்தான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வண்டிக்குள் கதகதப்பாக உட்கார வேண்டும் என்றால் ஒரிஜினலைத் தொடவே தொடாதீர்கள்.

காரணம், ஒரிஜினல் ஹீட்டருக்கு வெப்பம் ஓசியில் கிடைக்கிறது. இன்ஜினில் எரியும் பெட்ரோலில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் வீணாகிறது. அதில் ஒரு பகுதியைத் தூக்கிக்கொண்டு வரும் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்), இரண்டு ஹோஸ் வழியாக ஹீட்டர் கோர் என்கிற குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. பின்னாலிருந்து புளோயர் காற்றை அடிக்கிறது. அவ்வளவுதான் வேலை. இன்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டால் சாதாரணமாக 5 கிலோவாட் வெப்பத்தை இது கொடுத்துவிடும்.

இதே 5 கிலோவாட்டை பேட்டரி வயரிலிருந்து எடுக்கப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது வயரில் இருக்கும் 14 வோல்ட்டில் 350 ஆம்பியருக்கு மேல் போகிறது. பழைய சின்னக் காரில் இன்ஜின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டர் 60, 70 ஆம்பியர்தான் தரும். ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன், ஃபேன் எல்லாம் அதிலிருந்தே எடுத்துக்கொண்டது போக உங்களுக்கு மிஞ்சுவது 20, 25 ஆம்பியர். அதாவது சுமார் 300 வாட். சிகரெட் லைட்டரில் செருகும் ஹீட்டரின் பெட்டியில் 500 வாட் என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். நான் வாங்கிய ஹீட்டரில் 300 வாட் என்று அச்சிட்டிருந்தது. வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தால் 17 ஆம்பியர்தான் எடுத்தது. கிட்டத்தட்ட 230 வாட்.

சரி, 300 வாட்டை வைத்து என்ன செய்ய முடியும்? மணிக்கு 100 கன மீட்டர் காற்றை அதன் வழியாக ஊதினால் காற்றின் சூடு 9 டிகிரிதான் ஏறும். அதைக் கேபின் முழுக்கப் பரப்பினால் ஹீட்டர் ஓடுவதே தெரியாது. அதே 300 வாட்டை மணிக்கு 30 கன மீட்டர் காற்றில் வைத்தால் 30 டிகிரி ஏறும். அந்தக் காற்றை ஓட்டுநரின் முகத்துக்கு நேரே இருக்கும் கண்ணாடிப் பகுதியில் மட்டும், அடியிலிருந்து மேலாக, ஒட்டினாற்போல் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் தெளிவான வட்டம் ஒன்று திறந்துகொண்டு மெல்ல விரியும். முதலில் நான் ஹீட்டரைக் காலடியில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பழைய டேஷ்போர்டில் கண்ணாடிக்குக் காற்று விடும் டிமிஸ்டர் துவாரங்களில் ஓட்டுநர் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அடைத்து, ஹீட்டரிலிருந்து நேராக ஒரு குழாய் விட்டேன். அன்றைக்குத்தான் இந்த வேலைக்கு அர்த்தம் வந்தது.

கண்ணாடியில் படிவது வெளியிலிருந்து வருவதல்ல, பெரும்பாலும் நம் மூச்சும் நனைந்த உடையும்தான். ஆகவே பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிடுங்கள். ஈரக்காற்று வெளியேற வழியிருந்தால் ஹீட்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

இப்போது எடை. கழற்றியதை எல்லாம் தராசில் வைத்தேன்: பெட்டி, கோர், புளோயர், ஹோஸ்கள், உள்ளே நின்ற தண்ணீர் சேர்த்து 6.4 கிலோ. புதிதாகப் போட்டது வயர், ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), குழாய் உட்பட 2.1 கிலோ. மிச்சம் 4.3 கிலோ. டேஷ்போர்டு உயரத்திலிருந்து போகிற எடை என்பதால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டரின் திறன் சுமார் 55 சதவீதம். 300 வாட் மின்சாரம் எடுத்தால் இன்ஜினிலிருந்து 545 வாட் போகிறது, முக்கால் குதிரைத்திறன். 800 கிலோ வண்டியில் 4.3 கிலோ என்பது அரை சதவீதம். 100 குதிரைத்திறன் இன்ஜினில் முக்கால் என்பது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆக, ஹீட்டர் ஓடும் நேரம் முழுக்க முடுக்கத்தில் உங்களுக்கு லாபமே இல்லை. அணைத்து வைத்திருக்கும்போதுதான் லாபம். மழையில்லாத நாளில் மட்டும் டிராக்குக்குப் போகிறவர் என்றால் இது உங்களுக்குச் சரியான மாற்றம். தினமும் வேலைக்கு ஓட்டும் வண்டி என்றால் வேண்டாம்.

கூலண்ட் பக்கம் செய்யும் வேலையில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஹீட்டரை எடுத்தபின் இன்ஜினில் இரண்டு வாய் திறந்து நிற்கும். இரண்டையும் மூடி போட்டு அடைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். எல்லா இன்ஜினுக்கும் அது ஒத்துவராது. ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றி வருவதற்கு ஹீட்டர் பாதையை நம்பியிருக்கும் இன்ஜின்கள் உண்டு. அந்தப் பாதையை அடைத்தால் சிலிண்டர் ஹெட்டில் ஒரு மூலை மட்டும் கொதிக்கும், தெர்மோஸ்டாட்டுக்குச் சூடான தண்ணீர் தாமதமாகத்தான் வந்துசேரும். உங்கள் இன்ஜின் எந்த வகை என்று சர்வீஸ் மேனுவலில் கூலண்ட் பாதையின் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சந்தேகமென்றால் இரண்டு வாயையும் ஒரே ஹோஸால் வளைத்து இணைத்துவிடுவது நல்லது. அதற்குள் 6 மில்லிமீட்டர் துளை போட்ட அலுமினியத் துண்டு ஒன்றைச் செருகி, வெளியிலிருந்து கிளாம்ப் போட்டு இறுக்கினேன். தடை இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டரை விட்டுவிட்டு இந்தக் குறுக்குவழியிலேயே அதிகமாக ஓடும். முடித்ததும் காற்றுக் குமிழிகளைப் பொறுமையாக வெளியேற்றுங்கள்.

ஒன்றை இழக்கிறீர்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். இன்ஜின் சூடு எல்லை மீறும்போது ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு வண்டியைக் காப்பாற்றும் பழைய உபாயம் இனி கிடையாது. அந்தக் கோர் இரண்டாவது ரேடியேட்டராகவும் உழைத்துக்கொண்டிருந்தது.

வயரிங்கில் எனக்கு ஒரு விபத்து நடக்கப் பார்த்தது. 30 ஆம்பியர் என்று விற்ற மலிவான ஃபியூஸ் ஹோல்டரைப் பேட்டரி அருகே போட்டிருந்தேன். இரண்டாவது வாரம், மழையில் போய்க்கொண்டிருக்கும்போது மீன் அழுகியது போல ஒரு நாற்றம். வண்டியை ஓரங்கட்டி பானட்டைத் திறந்தால் ஹோல்டரின் பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பேறி, மெழுகு மாதிரி சரிந்திருந்தது. உள்ளே ஃபியூஸ் மட்டும் முழுசாக இருந்தது. ஃபியூஸ் தன் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைத்தான் பார்க்கும், தளர்ந்த தொடர்பில் பிறக்கும் சூடு அதற்குத் தெரியாது. அதனால் ஹோல்டர், முனைகள், எர்த் போல்ட் மூன்றிலும் கஞ்சம் வேண்டாம். எர்த் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்குங்கள். வயர் 4 சதுர மில்லிமீட்டராவது இருக்கட்டும். ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும், ரிலேக்கு இக்னிஷன் திறந்தால் மட்டும் மின்சாரம் வரட்டும். இல்லாவிட்டால் ஒரு மாலை மறந்தாலே பேட்டரி படுத்துவிடும்.

எந்த ஹீட்டர் என்று கேட்டால், பீங்கான் பி.டி.சி. வகை மட்டும் வாங்குங்கள். குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் அந்தப் பீங்கானின் மின்தடை சட்டென்று ஏறி, மின்னோட்டம் தானாகக் குறைந்துவிடும். ஃபேன் நின்றுபோனாலும் செக்கச்செவேல் என்று பழுக்காது. நிக்ரோம் கம்பிச் சுருள் அப்படியில்லை, காற்று நின்றால் பழுத்துக்கொண்டே போகும். பி.டி.சி.யே ஆனாலும் ஃபேன் ஓடாமல் ஹீட்டர் ஓட முடியாதபடி வயரிங் செய்துவிடுங்கள்.

சாலையிலும் ஓட்டப்போகிற வண்டியென்றால், கழற்றும் முன் உங்கள் ஊர் வாகனச் சோதனை விதியைப் பாருங்கள். முன்கண்ணாடியைத் தெளிவாக்கும் வசதி பல நாடுகளில் கட்டாயம்.

பொருத்தி முடித்ததும் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜினை ஐடிலில் விட்டு, ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மூன்றையும் போட்டு, மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சரி. 12.5க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஐடிலில் ஆல்டர்னேட்டரால் தாங்க முடியவில்லை, பேட்டரி கரைகிறது என்று அர்த்தம். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால் மிச்சம் பிடித்த எடையில் பாதி திரும்பி வந்துவிடும் என்பதால், சிக்னலில் நிற்கும்போது ஹீட்டரை அணைத்துவிடுகிறேன்.